கட்டைவிரலுக்கு அமைந்த கருவி

ஜப்பானின் பழைய தலைநகரமாகிய கியோட்டோவில், 1889-ஆம் ஆண்டு முதல் பூப்படம் அச்சிட்ட சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்று வந்த நிண்டெண்டோ என்னும் ஸ்தாபனத்தில், 1965-ஆம் ஆண்டு குன்பெய் யோகோய் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். மின்னணுவியல் படித்தவராயினும், அவருக்குக் கிடைத்த உத்தியோகம் சீட்டுத் தயாரிக்கும் இயந்திரங்கள் பழுதில்லாமல் ஓடும்படி பார்த்துக்கொள்வதே. இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் எந்தக் குழந்தை கையடக்கமான விளையாட்டுக் கருவி ஒன்றை எடுத்தாலும், இடது கட்டைவிரல் திசைப் பொத்தானிலும் வலது கட்டைவிரல் குதிப்பதற்கும் சுடுவதற்கும் உரிய பொத்தான்களிலும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே போய் அமர்கின்றனவே, அந்த வழக்கத்தை ஊன்றியவர்களைக் கணக்கெடுத்தால் முதல் ஸ்தானம் இந்த மனிதருக்குத்தான். இது ஒரு சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரையின் தெளிவையும் உள்ளே இருக்கும் சில்லின் வேகத்தையும் பணத்தைக் கொட்டி வருஷத்துக்கு வருஷம் பெருக்கிக்கொண்டு போகலாம். மனிதனுடைய கையோ பெருகுவதும் இல்லை, மாறுவதும் இல்லை. ஆகையால் இந்தக் கருவிகளின் சரித்திரத்தை, மாறாத கைக்கு மாறுகிற பொருளைப் பொருத்திப் பார்த்தவர்களின் சரித்திரமாகவே நான் காண்கிறேன்.

அவருக்கு முன்னால் இந்தத் துறையில் வழி தெளிவாக இருக்கவில்லை. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளில் பரவிய அட்டாரிக் கருவியின் ஜாய்ஸ்டிக்கில், கம்பை ஆட்டுவது வலக்கையின் வேலை. ஒற்றைச் சிவப்புப் பொத்தான் பெட்டியின் இடது மேல்மூலையில், இடது கட்டைவிரலுக்கென்று இருந்தது. இன்றைய வழக்கத்துக்கு அது நேர் எதிர். 1979-இல் மில்டன் பிராட்லி கம்பெனி வெளியிட்ட மைக்ரோவிஷன், விளையாட்டை மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளும் முதல் கையடக்கக் கருவி என்ற பெருமைக்கு உரியதாயினும், சிறிய திரைக்குக் கீழே 12 அழுத்துமிடங்களையும் ஒரு திருகுக் குமிழையும் வைத்த நீண்ட பலகையாகவே அது இருந்தது. விரல் எங்கே ஓய்ந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

யோகோய்க்கு யோசனை பிறந்த இடம் ரயில். புல்லட் ரயிலில் பிரயாணம் செய்துகொண்டிருந்த ஓர் உத்தியோகஸ்தர், பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைச் சும்மா அழுத்திக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார் என்றும், பெரியவர்களும் பிறர் கண்ணில் படாமல் விளையாடக்கூடிய ஒரு சிறு கருவியைச் செய்தால் என்ன என்று அப்போது எண்ணினார் என்றும் சொல்வார்கள். பிறகு ஒரு நாள், முதலாளி ஹிரோஷி யாமவுச்சியின் கார் டிரைவர் வராமற்போகவே, அந்தக் காரை ஓட்டும் பொறுப்பு யோகோய்மேல் விழுந்தது. வழியில் பேச்சோடு பேச்சாக அவர் இந்த யோசனையைச் சொல்லிவைக்க, கால்குலேட்டர் தயாரிப்பில் பேர்பெற்ற ஷார்ப் கம்பெனியின் தலைவரை அன்றையக் கூட்டத்தில் சந்தித்த யாமவுச்சி காரியத்தை நடத்திவிட்டார். 1980 ஏப்ரல் 28-இல் வெளிவந்த முதல் 'கேம் அண்ட் வாட்ச்' கருவியில் பந்தை மேலே எறிந்து பிடிக்கும் மனிதனின் கைகளை நகர்த்த இடத்தில் ஒன்றும் வலத்தில் ஒன்றுமாகப் பொத்தான்கள் இருந்தன. உட்கார்ந்திருப்பவன் இரு கைகளையும் மடிமேல் சேர்த்து வைத்துக்கொள்ளும் இயல்பான நிலையில், கட்டைவிரல்கள் மட்டும் மேலே தங்கி நிற்கும். அந்த நிலைக்கு ஏற்றவாறே கருவி படுக்கை வாட்டத்தில் அமைந்தது. விளையாடுகிறவனின் உடல் எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்கிப் பொருளின் உருவத்துக்கு வந்த முறை இது. தலைகீழாகச் செய்தவர்கள் பின்னாளில் பட்ட பாட்டைப் பார்க்கும்போதுதான் இதன் அருமை விளங்குகிறது.

இரண்டு பொத்தான்கள் போதாத நாள் விரைவிலேயே வந்தது. நாணயம் போட்டு ஆடும் கடைகளில் 1981-இல் புகழ்பெற்ற 'டாங்கி காங்' விளையாட்டில் நாயகன் நான்கு திசையிலும் போகவேண்டும், ஏணி ஏறவேண்டும், குதிக்கவும் வேண்டும். கடையில் இருந்த இயந்திரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் கம்பு இருந்தது. புத்தகம் போல மடித்துச் சட்டைப்பையில் வைக்கவேண்டிய கருவியில் அந்தக் கம்பு எப்படி இடம் பெறும்? நான்கு தனிப் பொத்தான்களை வைத்தாலோ, எது எங்கே என்று கண் அடிக்கடி கீழே இறங்கிப் பார்க்க நேரும். 1982 ஜூன் மாதம் வெளிவந்த இரட்டைத் திரை 'டாங்கி காங்' கருவியில் இதற்கு ஒரு தீர்வு காணப்பட்டது: கூட்டல் குறி வடிவத்தில் ஒரே பிளாஸ்டிக் துண்டு. அதை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் எளிமை வியப்பூட்டுகிறது. துண்டின் நடுவே தாங்குமுனை ஒன்று இருப்பதால், ஒரு கரத்தை அழுத்தினால் முழுத் துண்டும் அந்தப் பக்கம் சாய்ந்து எதிர்க்கரம் எழும்பிவிடுகிறது. இடமும் வலமும் ஒருசேர அழுந்தும் குழப்பத்துக்கு இடமில்லை. கரங்களுக்கு அடியில் உள்ள ரப்பர், மின்தடத்தைத் தொட்டுத் திசையைத் தெரிவிக்கிறது. நாகஸ்வரக்காரரின் விரல் துளையைப் பார்க்காமலே அதன்மேல் போய் அமர்வது போல, கட்டைவிரலும் கரங்களின் விளிம்பை உணர்ந்தே தன் இடத்தை அறிந்துகொள்கிறது. கண் முழுவதும் திரைக்கே சொந்தமாகிவிடுகிறது.

இந்தச் சிலுவைப் பொத்தான் 1983-இல் வீட்டுக் கருவியான ஃபமிகாமுக்கும் சென்றது. ஆரம்பத்தில் அதன் வலப்பக்கப் பொத்தான்கள் சதுரமான ரப்பராக இருந்து, அழுத்தியவை அப்படியே சிக்கிக்கொள்ளவே, வட்டமான பிளாஸ்டிக் பொத்தான்களாக மாற்றப்பட்டன. சிலுவையின் காப்புரிமை நிண்டெண்டோவிடம் இருந்ததனால், சேகா கம்பெனி வட்டத் தட்டையும், சோனி கம்பெனி மேலே தனித்தனியாகத் தோன்றும் நான்கு அம்புகளையும் கொண்டு காரியத்தைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

1989 ஏப்ரல் 21-இல் நிண்டெண்டோ வெளியிட்ட கையடக்கக் கருவியான கேம் பாயைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். 148 மில்லிமீட்டர் உயரமும் 90 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அந்தச் சாம்பல் நிறப் பெட்டி, பார்ப்பதற்கு ஒன்றும் அழகன்று. புதுமையான விலையுயர்ந்த நுட்பத்தைத் தேடாமல், நன்றாகப் பழகி விலை மலிந்துவிட்ட நுட்பத்தைப் புதிய வழியில் உபயோகிக்க வேண்டும் என்பது யோகோயின் கொள்கையாதலால், அதன் திரையில் நிறம் இல்லை, ஒளி இல்லை. 4 அளவுச் சாயை மட்டுமே. ஆனால் 4 பேட்டரிகளையும் முதுகின் கீழ்ப்பாதியில் வைத்ததனால் பாரம் நேராக உள்ளங்கைகளில் இறங்கியது. 'ஏ', 'பி' என்ற இரண்டு பொத்தான்களும் நேர்கோட்டில் இல்லாமல், வலது கட்டைவிரல் இயல்பாக வீசும் சாய்விலேயே அமைந்தன. விரல் நுனியால் ஒன்றை அழுத்திப் பிடித்து ஓடிக்கொண்டே, அதே விரலின் மூட்டுப் பக்கத்தைச் சாய்த்து மற்றொன்றை அழுத்திக் குதிக்கலாம். எப்போதாவது தேவைப்படும் இரண்டு பொத்தான்கள் மெல்லிய ரப்பராக, கை தவறிப் படாத இடத்தில் ஒதுங்கி நின்றன. திரையிலும் கையின் சம்பந்தம் இருந்தது: முதலில் தேர்ந்த திரை நேராகப் பார்த்தால் மட்டுமே தெளிவாகத் தெரிய, மனிதர் கருவியைச் சாய்த்துப் பிடிப்பதையே வழக்கமாகக் கொண்டவராதலால், யாமவுச்சி அதை ஏற்க மறுத்து வேறு வகைத் திரையைப் போடும்படி ஆயிற்று.

அதே 1989-இல் அட்டாரி வெளியிட்ட லிங்க்ஸ், நிறமும் ஒளியும் உள்ள திரையோடு வந்து, 6 பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும் பெரும் பாரமாக இருந்தது. கொடுத்த காசுக்குப் பொருள் பெரிதாக இருக்கவேண்டும் என்று கருத்துக் கேட்கப்பட்டவர்கள் சொன்னதனால் அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள் என்பர். 1991-இல் அதையே சிறிதாக்கி மறுபடி வெளியிட நேர்ந்தது. ஆயினும் அந்தக் கருவிக்கு நான் மரியாதை செலுத்துகிறேன். பொத்தான்களை மேலும் கீழுமாக இரண்டு ஜோடி வைத்து, ஒரு கட்டளையால் திரைக்காட்சியைத் தலைகீழாக்கி, கருவியைத் திருப்பிப் பிடித்து இடக்கைக்காரரும் விளையாடலாம் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். மற்றப் பெரிய கம்பெனிகள் அந்த ஜனங்களை நினைத்துப் பார்க்கவே இல்லை.

நம் ஊர்களில் 1990-களில் பாத்திரக் கடை முதல் திருவிழாக் கடை வரை விற்ற 'பிரிக் கேம்' கருவியும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். இடப்பக்கம் நான்கு சிறு வட்டப் பொத்தான்கள், வலப்பக்கம் கட்டையைச் சுழற்றப் பெரிய பொத்தான் ஒன்று. பெயர் தெரியாத தொழிற்சாலைகளிலிருந்து வந்த அந்த மலிவுச் சாமானிலும் இடம் திசைக்கு, வலம் செயலுக்கு என்ற ஏற்பாடு மாறவில்லை.

யோகோய் 1996-இல் நிண்டெண்டோவை விட்டு விலகி, மறுவருஷம் அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார். அவர் கடைசியாகக் கைவைத்த வொண்டர்ஸ்வான் கருவியைப் பண்டாய் கம்பெனி 1999-இல் வெளியிட்டபோது, ஒரே பேட்டரியில் ஓடும் அச்சிறு பொருளில், இடப்பக்கம் நான்கு நான்காக இரண்டு பொத்தான் கூட்டங்கள் இருந்தன; விளையாட்டுக்கு ஏற்பக் கருவியைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் பிடித்துக்கொள்ளலாம்.

அதன் பின் வந்த காலத்தில், வீட்டுக் கருவிகளின் பெரிய விளையாட்டுகளைக் கையடக்கத்தில் திணிக்கும் ஆசை வளர, விரல்கள் சிரமப்படத் தொடங்கின. 2001-இன் கேம் பாய் அட்வான்ஸ், படுக்கை வாட்டத்துக்குத் திரும்பி, மேல் விளிம்பில் ஆள்காட்டி விரல்களுக்கு வேலை கொடுத்தது, நல்ல பிடி. இரண்டே வருஷத்தில் வந்த மடிப்பு வடிவமோ சட்டைப்பைக்குச் சௌகரியமாகவும் பெரியவர் கைக்கு அசௌகரியமாகவும் அமைந்தது. சோனியின் பி.எஸ்.பி. 2004 டிசம்பரில் வந்தபோது, இடப்பக்கம் நகரும் குமிழ் ஒன்றே இருந்தது; வலப்பக்கத்துக்கு இணை இல்லை. 'மான்ஸ்டர் ஹன்டர்' என்ற வேட்டை விளையாட்டில் நடப்பதற்குக் குமிழும், காட்சியைத் திருப்புவதற்கு அதற்கு மேலே உள்ள அம்புகளும் வேண்டும். ஆகவே ஜப்பானிய மாணவர்கள் கட்டைவிரலைக் குமிழில் வைத்தபடியே ஆள்காட்டி விரலை வளைத்து மேலிருந்து அம்புகளில் ஊன்றி, பறவை நகம் போன்ற ஒரு பிடியைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பிடிக்கு அந்த விளையாட்டின் பெயரே வழங்கியது. விளையாட்டில் உள்ள பிரியம் வலியை மறக்கச் செய்கிறது என்பது உண்மை. அதற்காகக் கருவி செய்தவரை நான் மன்னிக்க மாட்டேன். 2011 டிசம்பரில் நிண்டெண்டோ, 3டிஎஸ் கருவிக்கு இரண்டாவது குமிழைத் தரும் தொட்டில் போன்ற துணைக்கருவியை, அதே வேட்டை விளையாட்டின் புதிய பாகத்தோடு சேர்த்து விற்றது. மறுவருஷம் வந்த 'கிட் இக்காரஸ்' விளையாட்டில் வலக்கை எழுதுகோலால் குறிபார்க்க, கருவியின் பாரம் முழுவதும் இடக்கையில் விழுந்ததால், மேஜைமேல் கருவியை நிறுத்திவைக்கப் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள். கையில் ஏந்துவதற்கென்று பிறந்த பொருளைக் கையிலிருந்து இறக்கிவைக்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

2017 மார்ச் 3-இல் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில் சிலுவைப் பொத்தான் காணாமற்போனது. இரு பக்கப் பிடிகளையும் கழற்றி இருவர் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளவேண்டும் என்று திட்டமிட்டதனால், இடது பிடியைப் படுக்கையாகத் திருப்பும்போது அதன் திசைப் பொத்தான்களே செயல் பொத்தான்களாகவும் உதவவேண்டும். அதற்காகச் சிலுவையை நான்கு தனி வட்டங்களாக உடைத்தார்கள். நண்பனோடு பங்கிட்டு விளையாட இடம் கொடுத்த அந்தத் தியாகத்தை நான் குறை சொல்லவில்லை. பிடிகள் கழலாத சிறிய வடிவத்தை 2019-இல் வெளியிட்டபோது காரணம் நீங்கிவிட்டபடியால் சிலுவை மறுபடி தன் இடத்துக்கு வந்தது. 2022-இன் ஸ்டீம் டெக், 669 கிராம் எடையும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ராட்சசக் கருவியாயினும், பின்பக்கம் புடைத்த பிடிகளில் மூன்று விரல்கள் சுற்றி நிற்பதனால், அளவில் எவ்வளவோ சிறிய பல கருவிகளைவிடக் கையில் இதமாக அமர்கிறது. அதன் முதுகில் நான்கு பொத்தான்களும் முகத்தில் இரண்டு தொடுதளங்களும் உண்டு. எந்தப் பொத்தான் எந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதை அதில் விளையாடுகிறவரே மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஸ்விட்ச் கருவிக்கு இந்த வசதி 2020 ஏப்ரலில், மென்பொருள் மாற்றம் ஒன்றின் வழியாக வந்து சேர்ந்தது. லிங்க்ஸ் செய்தது போலப் பொத்தான்களோடு காட்சியையும் புரட்டிக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பெரிய கம்பெனிகளின் புதிய கருவிகள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.