ஆங்கிலச் சொல்வளப் பெருக்கம்

ஆங்கிலச் சொல்வளப் பெருக்கம் என்பது ஒருவர் தாம் அறிந்த, பயன்படுத்தவல்ல ஆங்கிலச் சொற்களின் தொகையை முயன்று கூட்டிக்கொள்வதைக் குறிக்கும். நாள்தோறும் சில புதிய சொற்களைக் கற்று நினைவில் நிறுத்துவது இதற்குப் பரவலாகக் கைக்கொள்ளப்படும் வழியாகும். சொற்பட்டியல் நூல், இதழ்ப் பகுதி, மின்னஞ்சல், கைப்பேசிச் செயலி எனக் காலந்தோறும் இதன் வடிவம் மாறி வந்துள்ளது. இவ்வழக்கம் இன்றைய வடிவில் பெரிதும் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருக்காக உருப்பெற்றது. அவர்களுக்கென ஆக்கப்பட்ட பட்டியல்களே ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயில்வோரிடமும் வந்து சேர்ந்தன. இவ்விரு சாராரின் தேவைகளும் ஒன்றல்ல. எனவே எத்தனை சொற்களைக் கற்பது என்பதைவிட எந்தச் சொற்களைக் கற்பது என்னும் கேள்வியே முதன்மையானது.

சொற்களை எண்ணுதல்

ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் உள்ளன என்பதற்கு உறுதியான விடை இல்லை. 'ரன்', 'ரன்ஸ்', 'ரன்னிங்', 'ரன்னர்' ஆகியவற்றை நான்கு சொற்களாகக் கொள்வதா, ஒன்றாகக் கொள்வதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். மொழிக்கல்வி ஆய்வாளர்கள் ஓர் அடிச்சொல்லையும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களையும் சேர்த்துச் சொற்குடும்பம் என்று கொள்வர். நன்கு கல்வி கற்ற, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் ஏறத்தாழ 17,000 அடிச்சொற்களை அறிந்திருப்பார் என்று 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இதைவிடப் பன்மடங்கு உயர்ந்த மதிப்பீடுகளும் உள்ளன. அவற்றில் பல, கிளை வடிவங்களையும் தனிச் சொற்களாக எண்ணியவை.

படிக்கும்போதும் கேட்கும்போதும் பொருள் புரியும் சொற்களின் தொகை ஏற்புச் சொல்வளம் எனவும், பேச்சிலும் எழுத்திலும் தாமே எடுத்தாளும் சொற்களின் தொகை ஆக்கச் சொல்வளம் எனவும் பிரிக்கப்படுகின்றன. எம்மொழியிலும் முன்னது பின்னதைவிடப் பெரியது.

வரலாறு

சொல்வளத்தையும் வாழ்க்கை முன்னேற்றத்தையும் இணைத்துப் பேசும் வழக்கத்துக்குப் பெரிதும் காரணமானவர் ஜான்சன் ஓ'கானர் என்னும் அமெரிக்கர். 1922இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாளர்களின் திறன்களை அளவிடும் பணியைத் தொடங்கிய இவர், உயர்பதவிகளில் இருப்போர் சொற்பொருள் தேர்வுகளில் மிகுந்த மதிப்பெண் பெறுவதைக் கண்டார். 'சொல்வளமும் வெற்றியும்' என்னும் பொருள்படும் இவரது கட்டுரை 1934இல் அட்லாண்டிக் மந்திலி இதழில் வெளியாகிப் புகழ்பெற்றது. இரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன என்பதிலிருந்து, சொற்களைக் கற்றால் பதவி கிடைக்கும் என்று முடிவு கட்ட இயலாது. குடும்பச் சூழல், பள்ளிக்கல்வி, வாசிப்பு ஆகியவை இரண்டையுமே வளர்த்திருக்கலாம். எனினும் பிற்காலச் சொல்வள நூல்களின் முன்னுரைகளில் இக்கண்டுபிடிப்பு காரண காரிய உறவாகவே திரும்பத் திரும்பக் கூறப்பட்டது.

வில்ஃபிரட் ஃபங்க், நார்மன் லூயிஸ் ஆகிய இருவரும் இணைந்து 1942இல் முப்பது நாட்களில் சொல்வளம் பெருக்கும் நூலொன்றை வெளியிட்டனர். ஃபங்க் 1945இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழில் தொடங்கிய சொற்பொருள் தேர்வுப் பகுதி பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 1949இல் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈசி' இந்தியாவில் இன்றும் நடைபாதைப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் நூலாகும். 1994இல் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் அனு கார்க், நாளுக்கு ஒரு சொல்லை மின்னஞ்சலில் அனுப்பும் பணியைத் தொடங்கினார்.

இவற்றுக்கு முற்றிலும் வேறான மற்றொரு மரபு வகுப்பறைகளில் வளர்ந்தது. எட்வர்ட் தார்ன்டைக் 1921இல், நூல்களில் அடிக்கடி வரும் 10,000 சொற்களை எண்ணித் தொகுத்து ஆசிரியர்களுக்கான பட்டியலாக வெளியிட்டார். சி. கே. ஆக்டன் 1930இல் 850 சொற்களால் மட்டும் அமைந்த 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் சுருக்க ஆங்கிலத்தை முன்வைத்தார். இம்மரபில் நம் நாட்டவர் அறியவேண்டியவர் மைக்கேல் வெஸ்ட். பிரித்தானிய இந்தியாவின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய இவர், வங்க மாணவர்கள் ஆங்கிலப் பாடநூல்களில் தடுமாறுவதற்குச் சொற்களின் நெருக்கமே காரணம் என்று கண்டார். ஒரு பக்கத்தில் புதிய சொற்கள் அடுக்கடுக்காக வந்தன. வந்தவை பின்னர்த் திரும்ப வரவும் இல்லை. அரிய சொற்களை நீக்கிப் பொதுச் சொற்களை இட்டும், புதிய சொற்களை இடைவெளிவிட்டுப் புகுத்தியும் இவர் வாசிப்பு நூல்களை ஆக்கினார். 1953இல் இவர் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களைக் கொண்டது. ஒவ்வொரு சொல்லும் எந்தப் பொருளில் எத்தனை விழுக்காடு வழங்குகிறது என்பதையும் அது காட்டியது. ஏறத்தாழ 2,800 சொற்கள் கொண்ட புதிய பொதுப்பயன் பட்டியல் ஒன்று 2013இல் வெளிவந்தது.

எச்சொற்களைக் கற்பது

ஆங்கில உரை எதிலும் ஒரு சிறு தொகுதிச் சொற்களே மீண்டும் மீண்டும் வருகின்றன. அடிக்கடி வழங்கும் முதல் 2,000 சொற்குடும்பங்கள் உரையின் தன்மைக்கேற்ப ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காடு சொற்களை உள்ளடக்கிவிடும். உரையாடலில் இது மிகுதி. கல்விசார் நூல்களில் குறைவு. அவெரில் காக்ஸ்ஹெட் என்பவர் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலின் 570 சொற்குடும்பங்கள், கல்விசார் நூல்களில் மேலும் ஏறத்தாழ 10 விழுக்காட்டைத் தருகின்றன. கதைகளிலோ இதே 570 குடும்பங்கள் 2 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. கல்லூரியில் ஆங்கிலவழியில் முதன்முறை பாடம் கேட்கும் மாணவருக்கு இப்பட்டியல் எவ்வளவு பயன்படும் என்பதை இவ்வெண்களே காட்டும்.

உதவியின்றி ஓர் உரையைப் படித்துப் புரிந்துகொள்ள 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலர் கொள்ளும் அளவாகும். அதாவது 50 சொற்களுக்கு ஒன்று மட்டுமே அறியாததாக இருக்கலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, நாளிதழையும் புதினத்தையும் இவ்வாறு படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும் தேவை.

தேர்வுகளுக்கான பட்டியல்கள் வேறு நோக்கம் உடையவை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குரிய ஜி.ஆர்.இ. தேர்வில் எதிர்ச்சொல், சொல்லுறவு ஆகிய வினாக்கள் இருந்த காலத்தில், ஏறத்தாழ 3,500 சொற்கள் கொண்ட பாரன்ஸ் பட்டியலைத் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் பலர் மனப்பாடம் செய்தனர். 2011 ஆகஸ்டில் அவ்விரு வகை வினாக்களும் நீக்கப்பட்டு, சொல்லின் பொருளைச் சூழலில் வைத்துச் சோதிக்கும் வினாக்களே நின்றன. அப்பட்டியல்கள் ஆங்கிலத்தில் ஏற்கனவே தேர்ந்தவர்களைத் தரம் பிரிப்பதற்கான அரிய சொற்களால் ஆனவை. அன்றாடச் சொற்களிலேயே ஐயமுள்ள ஒருவர் நேர்காணலுக்காக அவற்றை உருப்போடுவது, அடித்தளம் இடாமல் மாடி எழுப்புவதை ஒக்கும். அவர் கற்ற அரிய சொல்லை அடுத்துச் சந்திக்கவே மாதங்கள் ஆகலாம். அதற்குள் அது மறந்துபோகும்.

மறதியும் மீள்பயிற்சியும்

மறதியை முதன்முதலில் அளந்தவர் செருமானிய உளவியலாளர் எர்மன் எபிங்காஸ். பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, சில காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று தம்மையே சோதித்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். ஒரு நாள் கழித்து மிச்சம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவும், 31 நாட்கள் கழித்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவும் இருந்தது. இழப்பின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது என்பதே இதன் சாரம். பொருளுள்ள சொற்கள் இவ்வளவு விரைவாக மறப்பதில்லை. ஆனால் வளைகோட்டின் போக்கு ஒத்ததே.

மறக்கத் தொடங்கும் வேளையில் ஒரு சொல்லை மீட்டு நினைத்தால், அடுத்த மறதி தாமதமாகிறது. இவ்வாறு இடைவெளியைப் படிப்படியாக நீட்டிச்செல்வது இடைவெளிவிட்ட மீள்பயிற்சி எனப்படும். பால் பிம்ஸ்லர் 1967இல் ஐந்து நொடியில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் வரை நீளும் இடைவெளி வரிசையொன்றை வகுத்தார். செபாஸ்டியன் லைட்னர் 1970களில் அட்டைப் பெட்டி முறையைப் பரப்பினார். இம்முறையில் ஒருபுறம் சொல்லும் மறுபுறம் பொருளும் எழுதிய அட்டைகள் பல அறைகள் கொண்ட பெட்டியில் வைக்கப்படும். சரியாகக் கூறிய அட்டை அடுத்த அறைக்குச் செல்லும். தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். பின் அறைகளின் முறை நெடுநாளுக்கு ஒருமுறையே வரும். போலந்து நாட்டின் பியோட்டர் வோஸ்னியாக் 1987இல் இதனைக் கணினி நிரலாக்கினார். 2006இல் வெளிவந்த ஆன்கி என்னும் கட்டற்ற மென்பொருள் இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதில் தமிழ் எழுத்திலும் அட்டைகளை ஆக்கலாம்.

பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிப்பதும், பொருளை மறைத்து நினைவிலிருந்து கூறிப்பார்ப்பதும் ஒன்றல்ல. 2008இல் கார்பிக், ரோடிகர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் 40 சுவாகிலிச் சொற்களை அவற்றின் ஆங்கிலப் பொருளுடன் கற்றனர். ஒருமுறை சரியாகக் கூறிய பின்னரும் அச்சொற்களில் தொடர்ந்து சோதிக்கப்பட்டவர்கள், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். சோதனையை நிறுத்திவிட்டுப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களோ ஏறத்தாழ 35 விழுக்காட்டையே நினைவுகூர்ந்தனர். தமக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவையே கூறியிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. கற்றுவிட்டோம் என்ற உணர்வு நம்பத்தக்க அளவுகோல் அன்று.

நாள்தோறும் எத்தனை சொற்கள் என்பதை இதனுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும். நாளுக்கு 10 சொற்கள் எனில் ஆண்டுக்கு 3,650. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் ஐந்து முறை, நீளும் இடைவெளிகளில் மீட்பதாகக் கொண்டால், சில மாதங்களில் ஒவ்வொரு நாளும் 10 புதிய சொற்களோடு 50 பழைய சொற்களும் வந்து நிற்கும். மறந்தவை இதற்கு மேல். முதல் வாரத்தில் எளிதாகத் தோன்றும் திட்டம் மூன்றாம் மாதத்தில் கைவிடப்படுவதற்கு இக்கூடுதல் சுமையே காரணம் எனலாம். நாளுக்கு 5 சொற்கள் என்று தொடங்குவோரின் ஆண்டுத் தொகை 1,825. இது அடிப்படைப் பட்டியலை ஏறக்குறைய முடித்துவிடும் அளவாகும்.

எதிர்ச்சொற்களையும் ஒரே பொருட்புலச் சொற்களையும் ஒரே நாளில் கற்பது குழப்பத்தைக் கூட்டும் என்று 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. தமிழில் 'கடன்' என்னும் ஒரு சொல்லோடு வாங்கு, கொடு என்று சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் 'பாரோ', 'லெண்ட்' என இரு சொற்கள் உள்ளன. இரண்டையும் ஒருசேரக் கற்றவர் எது எது என்று நெடுங்காலம் தடுமாறுவது இயல்பு. ஒன்று உறுதிப்பட்ட பின் மற்றதைக் கற்பதே நன்று.

வேர்ச்சொற்களும் ஒட்டுகளும்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் பிரெஞ்சு வழியாகவும், பின்னர் அறிஞர் வழக்கு வழியாகவும் எண்ணற்ற இலத்தீன், கிரேக்கச் சொற்கள் ஆங்கிலத்தில் புகுந்தன. 'போர்ட்' என்னும் இலத்தீன் வேர் சுமத்தலைக் குறிக்கும். 'எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்', 'போர்ட்டர்' ஆகியவை அதன் வழிவந்தவை. தமிழருக்கு இம்முறை புதிதன்று. 'டெலி' என்பதற்குத் தொலை என்று வைத்தே தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி என்னும் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. '-லஜி' என்பதற்கு இணையாக உயிரியல், உளவியல் முதலியவற்றில் '-இயல்' நிற்கிறது. தமிழ்க் கலைச்சொல்லை நன்கறிந்தவர் ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளையும் எளிதில் பிரித்தறிவார்.

ஆயினும் வடிவ ஒற்றுமை ஏமாற்றவும் கூடும். பாதசாரியைக் குறிக்கும் 'பெடஸ்ட்ரியன்' இலத்தீனின் பாதம் என்னும் சொல்லிலிருந்தும், குழந்தை மருத்துவத்தைக் குறிக்கும் 'பீடியாட்ரிக்ஸ்' கிரேக்கத்தின் குழந்தை என்னும் சொல்லிலிருந்தும் வந்தவை.

தமிழ் வழக்கிலுள்ள ஆங்கிலச் சொற்கள்

அன்றாடத் தமிழ்ப் பேச்சில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் கலந்துள்ளன. இவை கற்பவருக்கு முதலீடு போன்றவை. ஆனால் பொருள் மாறியவையும் இவற்றில் உண்டு. 'வண்டி ரிப்பேர்' என்றால் தமிழில் வண்டி பழுதாகிவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் அச்சொல் பழுதைச் சரிசெய்வதைக் குறிக்கும். வகுப்பில் 'டவுட்' கேட்பது இந்திய வழக்கு. பிற நாட்டவருக்கு அது நம்பிக்கையின்மையாக ஒலிக்கலாம். கல்லூரிப் படிப்பை முடித்ததை 'பாஸ் அவுட்' என்று வெளிநாட்டு நேர்காணலில் கூறினால், மயங்கி விழுந்ததாகக் கேட்பவர் எண்ணக்கூடும்.

சொல் தெரிந்தும் அதனோடு சேரும் சொல் தெரியாமல் போவது மற்றொரு சிக்கல். மருந்து சாப்பிடுவது தமிழ் மரபு. ஆங்கிலத்தில் 'ஈட்' அங்கு பொருந்தாது. 'டேக்' என்றே வரும். கனவைத் தமிழர் காண்கின்றனர். ஆங்கிலேயர் 'ஹேவ்' என்பர். மாறாக, தேநீருடன் 'ஸ்ட்ராங்' சேரும், 'பவர்ஃபுல்' சேராது என்பதைத் தேநீர்க் கடைக்குச் சென்ற எவரும் கற்காமலே அறிவர். ஆதலால் அட்டையில் தனிச்சொல்லை எழுதுவதினும், அது வந்த சொற்றொடரை முழுமையாக எழுதிக்கொள்வது மேலானது.

அகராதிகள்

தமிழ்வழிப் பயில்வோருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் பெருந்துணையாக விளங்கி வருகிறது. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அது 1960களில் வெளிவந்தது. ஆங்கிலத்தைப் பிறமொழியாகப் பயில்வோருக்கென்றே ஆக்கப்பட்ட அகராதிகளில் ஏ. எஸ். ஹார்ன்பி தொகுத்தது முன்னோடியாகும். 1942இல் டோக்கியோவில் வெளியான அது, 1948இல் ஆக்ஸ்போர்ட் பதிப்பாக வந்தது. 1978இல் வெளியான லாங்மன் அகராதி, சொற்பொருள் விளக்கங்கள் அனைத்தையும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் எழுத முற்பட்டது. அந்த 2,000 சொற்களை அறிந்தவருக்கே அவ்விளக்கங்கள் முழுமையாகப் பயன்படும். அந்நிலையை எட்டும் வரை இருமொழி அகராதியே ஏற்றது. ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதியை மட்டுமே பார்க்கவேண்டும் என்று தொடக்க நிலையினருக்குக் கூறப்படும் அறிவுரை, ஒரு சொல்லைத் தேடியவரை மேலும் மூன்று சொற்களைத் தேடச் செய்துவிடும்.