கூன் ஷோவின் கடைசி ஒலிபரப்பு

1972-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதி, லண்டன் மாநகரின் காம்டன் தியேட்டரில், பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பே முடித்துவைத்த ‘கூன் ஷோ’ என்ற வானொலிக் கோமாளித்தனத்தை ஒரே ஒரு தடவை மறுபடியும் அரங்கேற்றும் பொருட்டு, மூன்று பழைய நண்பர்கள் ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார்கள். பி.பி.சி. ஸ்தாபனம் தன் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்காக அவர்களை அழைத்திருந்தது. சபையில் இளவரசர் பிலிப்பும் இளவரசி ஆனும் வீற்றிருந்தனர். கூன் ஷோவின் பரம ரசிகரான இளவரசர் சார்லஸ் அப்போது கடற்படை உத்தியோகத்தில் இருந்தமையால், அவருடைய தந்தி மட்டுமே வந்து சேர்ந்தது.

அம்மூவருள் ஸ்பைக் மில்லிகன் நம் தேசத்தில், அகமத்நகரில், 1918-இல் பிறந்தவர். தகப்பனார் ராணுவ உத்தியோகஸ்தராதலால் புனாவிலும் ரங்கூனிலும் வளர்ந்தவர். யுத்த காலத்தில் வட ஆப்பிரிக்காவில் அவருடைய படைப்பிரிவின் பீரங்கியொன்று பிடிதவறிச் சரிவில் உருண்டுபோக, அதைத் தேடிக்கொண்டு வந்த இடத்தில்தான் வேல்ஸ் தேசத்துச் சிப்பாயான ஹாரி சீகோமை அவர் முதலில் சந்தித்தார். விமானப் படையின் கலைக்குழுவோடு இந்தியா, இலங்கை, பர்மா என்று சுற்றிவந்தவர் பீட்டர் செல்லர்ஸ். யுத்தம் முடிந்தபின் இம்மூவரும், மைக்கேல் பென்டைன் என்ற நான்காமவரும், வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் ஜிம்மி கிராப்டன் நடத்திவந்த மதுக்கடையில் கூடிப் பேசிச் சிரித்த சிரிப்பே, 1951 மே 28-இல் வானொலி ஏறிற்று. பென்டைன் இரண்டாவது தொடரோடு விலகிக்கொண்டார்.

மேடை விதூஷகனுக்கு அங்கசேஷ்டை துணை நிற்கும். இவர்களுக்கோ குரலையும் ஓசையையும் தவிர வேறு உபகரணம் கிடையாது. கஸ்டர்டு நிரம்பிய காலுறை சுவரில் மோதினால் எழும் சத்தம் வேண்டுமென்று ஆசைப்பட்ட மில்லிகன், சிற்றுண்டிச்சாலையில் கஸ்டர்டு கேட்டு வாங்கித் தம் காலுறையிலேயே ஊற்றி அடித்துப் பார்த்தாராம், விரும்பிய சத்தம் எழவில்லையாம். ஆனால் வாரந்தோறும் ஒரு நாடகம் எழுதித் தீரவேண்டிய நிர்ப்பந்தம் விளையாட்டன்று. அந்தப் பாரத்தினால் சித்தம் கலங்கி, 1952-இன் இறுதியில் மில்லிகன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். ஊரார் சிரித்த சிரிப்புக்கு அவர் கொடுத்த விலை மிகுதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

1960 ஜனவரி 28-இல் தொடர் நிறைவுற்றது. செல்லர்ஸ் சினிமாவில் உலகப் புகழ் பெற்றார். சீகோம் தம் இனிய சாரீரத்தால் பாடகராகவும் பெயர் எடுத்தார். மில்லிகன் புத்தகங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் எழுதினார். ஆகவே 1972-இல் அவர்களை ஒன்றுசேர்ப்பது சாமானியமான காரியமாக இருந்திராது. அறிவிப்பாளர் வாலஸ் கிரீன்ஸ்லேட் 1961-லேயே காலமாகிவிட்டதால், அவருக்கு முன் அப்பதவியில் இருந்த ஆண்ட்ரூ திமோதி திரும்ப வந்தார். ஹார்மோனிகா வாசிக்கும் மேக்ஸ் கெல்ட்ரேயும், ரே எல்லிங்டன் வாத்தியக் கோஷ்டியும் தத்தம் ஸ்தானத்தில் அமர்ந்தார்கள். பென்டைன் மாத்திரம் இல்லை.

அக்டோபர் 5-இல் ஒலிபரப்பான அந்நிகழ்ச்சியை ஹாஸ்ய இலக்கியமாக எடைபோட்டால், ஐம்பதுகளின் நடுப்பகுதியில் வந்த நல்ல நாடகங்களுக்கு அது ஈடாகாது. கதைக்கட்டு நெகிழ்ந்திருக்கிறது, பழைய பாத்திரம் ஒன்று தலைகாட்டியதுமே, அது ஹாஸ்யமாக ஏதும் சொல்வதற்கு முன்பே, சபை ஆரவாரிக்கிறது. அதைக் குற்றமாகச் சொல்லும் விமரிசகர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆயினும், பாதி வசனத்தில் தம்மை மறந்து சிரித்துவிட்டு, எழுதிய காகிதத்தில் விட்ட இடத்தை அம்மூவரும் தேடும் அந்தக் கணங்களை, எவ்வளவு தேர்ந்த எழுத்தாளனும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.