ஊரடங்கில் காணாமல் போன கேன்சர் நோயாளிகள்

1/ 2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு. தினமும் டிவில கொரோனா எண்ணிக்கை பார்த்தோம். அப்ப யாரும் பார்க்காத இன்னொரு கணக்கு இருக்கு.

2/ இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்கள்ல, 2019 மார்ச் முதல் மே வரை புதுசா பதிவு செஞ்சவங்க 1,12,270 பேர். 2020-ல அதே மூணு மாசத்துல 51,760 பேர்தான்.

3/ மிச்சப் பேருக்கு நோய் வராம போயிடுச்சா? இல்லங்க. வீட்டுலயே இருந்தாங்க. பஸ், ரயில் ஓடல. ஆஸ்பத்திரி போனா தொத்திக்கும்னு பயம். பெரிய நகரங்கள்ல சரிவு இன்னும் அதிகம். வெளியூர்க்காரங்க நம்பி வர்ற இடம் அதுதானே.

4/ வந்தவங்களுக்கும் சிகிச்சை தள்ளிப்போச்சு. பெரிய ஆபரேஷன்கள் 49% குறைஞ்சது.

5/ தள்ளிப்போனா என்ன? 2020-ல பிஎம்ஜே இதழில் வந்த ஆய்வு: மார்பகம், பெருங்குடல், தலை-கழுத்து புற்றுநோய்களில் அறுவை சிகிச்சை 4 வாரம் தாமதமானா இறப்பு அபாயம் 6–8% கூடுது.

6/ அதனால மார்புல கட்டி, மூணு வாரமா ஆறாத வாய்ப்புண், மாதவிடாய் நின்ன பிறகு ரத்தப்போக்கு இருந்தா, ஊர்ல எந்தத் தொற்று இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்க. வீட்டுப் பெரியவங்ககிட்டயும் கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.