ஆற்றுப்படுத்துநரை உருவாக்குதல்: பள்ளி ஆலோசகர் பயிற்சியின் வரலாறும் வருசநாடும்

தமிழ்நாட்டுக் கல்வியியல் நூல்களில் ‘வழிகாட்டலும் அறிவுரை பகர்தலும்’ என்னும் தொடர் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. திருச்சபை வட்டாரங்களில் இப்பணியை ‘ஆற்றுப்படுத்துதல்’ என்கிறோம். இவ்விரு வழக்குகளும் ஒரே பொருளைத் தருவன அல்ல. அறிவுரை பகர்வதற்கு வாய் ஒன்று போதும்; ஆற்றுப்படுத்துவதற்கோ வழி தெரிந்திருக்க வேண்டும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாகும். பரிசிலோ அருளோ பெற்ற ஒருவன், தான் சென்று வந்த வழியை இன்னும் பெறாத ஒருவனுக்குச் சொல்வதே அவற்றின் அமைப்பு. தான் நடக்காத வழியைப் பிறருக்குக் காட்ட இயலாது என்பது அதன் உட்பொருள். பள்ளிப் பிள்ளைகளை ஆற்றுப்படுத்துவோர் அப்பணிக்கு எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டனர் என்னும் வரலாற்றை இக்கருத்தின் ஒளியில் ஆராய்வதே நம் நோக்கம். தலைநகரங்களில் எழுதப்பட்ட இவ்வரலாற்றை வைகை தோன்றும் வருசநாட்டில் நின்று நோக்குவோம்.

வருசநாட்டில் எழும் கேள்வி

தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டத்தில், கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்னும் ஊர்களைக் கடந்து செல்லும் சாலை வருசநாட்டை அடைகிறது. இலவ மரங்களும் மானாவாரிக் காடுகளும் நிறைந்த பகுதி அது. 2021இல் திருவில்லிப்புத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வன எல்லையைப் பற்றிய நீண்ட வழக்குகளின் நடுவே, தாங்கள் உழும் நிலம் தங்களிடம் நிலைக்குமா என்னும் ஐயம் மலையடிவாரக் குடும்பங்கள் பலவற்றைப் பற்றியுள்ளது. இத்தகைய வீட்டில் பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளையின் முன் நிற்கும் கேள்வி, மருத்துவமா பொறியியலா என்பதன்று. மேலே படிப்பதா, தோட்ட வேலைக்குப் போவதா, பெண்ணாயின் திருமணத்துக்கு இசைவதா என்பதே. இக்கேள்வியுடன் வரும் பிள்ளைக்குப் பதில் சொல்லப் பயின்றவர் யார்?

பாஸ்டன் நகரின் தொடக்கம்

பள்ளி ஆலோசகர் என்னும் பணியின் மூலத்தைத் தேடுவோர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைகின்றனர். பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908இல் அங்கே தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றை நிறுவினார். அது தோன்றியது பல்கலைக்கழகத்தில் அன்று. குடியேறிய ஏழைத் தொழிலாளருக்குக் கற்பித்த சமுதாய நிலையம் ஒன்றில்தான். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பகுத்தறிவால் பொருத்துதல் என மூன்று படிகளை அவர் வகுத்தார். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அவரது நூல் 1909இல் வெளிவந்தது. 1911இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இத்துறையில் ஒரு பாடத்தைத் தொடங்கிற்று. பின்னர் 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா கலங்கியது. 1958இன் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், திறமிக்க மாணவரைக் கண்டெடுக்கும் பொருட்டு, பள்ளி ஆலோசகரின் பயிற்சிக்குப் பெருநிதி அளித்தது. ஏழையின் துணையாகத் தோன்றிய பணி, அரசின் தேவைக்கு ஏற்பப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் பணியாகவும் மாறியதை இங்கே காண்கிறோம்.

எனினும் அந்நாட்டில் ஒரு நன்மை வேரூன்றியது. ஆலோசகர் பணிக்கு முதுகலைப் பட்டமும், மேற்பார்வையின்கீழ்ச் செய்முறைப் பயிற்சியும் வேண்டும் என்பது படிப்படியாக நெறியாயிற்று. 1981இல் தோன்றிய அங்கீகாரக் குழு வகுத்த தரத்தின்படி, பயில்பவர் 600 மணி நேரம் பணிக்களத்தில் உள்ளகப் பயிற்சி பெற வேண்டும். தேர்வுத்தாள் மட்டும் எவரையும் ஆலோசகராக்குவதில்லை.

இந்தியாவில் பரிந்துரையும் நடைமுறையும்

நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு உளவியல் துறை 1938இல் இப்பணியைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை தோன்றியது. அப்போது துணைவேந்தராயிருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியாரே, பின்னர் இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவரானார். 1953இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பயிற்சி பெற்ற வழிகாட்டு அலுவலர்களும் தொழில் வழிகாட்டும் ஆசிரியர்களும் படிப்படியாக எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. அவர்களைப் பயிற்றுவிக்கும் நிலையங்களை நாட்டின் பல பகுதிகளில் நடுவண் அரசே திறக்க வேண்டும் என்றும் கூறியது. 1954இல் நடுவண் வழிகாட்டு நிலையம் டெல்லியில் அமைந்தது. 1964–66இன் கோத்தாரிக் குழுவோ, பத்துப் பள்ளிகளுக்கு ஒரு வருகை ஆலோசகர் என்னும் குறைந்த அளவை முன்வைத்தது.

இப்பரிந்துரைகளுக்குப் பின் பல பத்தாண்டுகள் கடந்தும் பெரும்பான்மைக் கிராமப் பள்ளிகள் ஆலோசகரைக் காணவில்லை. இதற்குப் பணமின்மை ஒரு காரணம். பயிற்சியின் தன்மை மற்றொரு காரணம். தொடக்கத்தில் இப்பயிற்சி நுண்ணறிவுச் சோதனை, நாட்டச் சோதனை ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. பல தொழில்களுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வாய்ப்புள்ள நகர மாணவனை மனத்திற்கொண்டு எழுந்தவை அச்சோதனைகள். தெரிவுக்கே வழியற்ற பிள்ளையிடம் அவை சொல்வதற்கு அதிகமில்லை. அதனினும் பெரிய தடை தொலைவு. பட்டம் பெறச் சென்னைக்கோ மைசூருக்கோ சென்றவர் மலையடிவாரப் பள்ளிக்குத் திரும்பி வருதல் அரிது.

தமிழ்நாட்டில் 2012இல் அறிவிக்கப்பட்ட நடமாடும் ஆலோசனை மையங்கள், உளவியலாளரை வாகனத்தில் பள்ளிகளுக்கு அனுப்பின. 2018இல் 14417 என்னும் தொலைபேசி உதவி எண் வந்தது. 2022இல் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தது. இவற்றின் பயனை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் பல மாவட்டங்களைச் சுற்றும் வாகனம், ஒரு பிள்ளையின் தயக்கம் நீங்கும் வரை காத்திருக்க இயலாது.

2025 ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். மாணவர் தற்கொலைகளைக் கருதி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று அது பணித்தது. குறைந்த எண்ணிக்கையுள்ள நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநருடன் முறையான தொடர்பு கொண்டால் போதும். நகரத்துச் சிறு பள்ளிக்கு இது எளிது. மலையடிவாரத்துச் சிறு பள்ளிக்கோ, அவ்வல்லுநர் எத்தனை பேருந்து மாறிச் சென்றால் கிடைப்பார் என்பதே கேள்வி. பயின்றவர் அப்பகுதியில் இல்லாவிடில், தீர்ப்பின் பயன் பதிவேட்டில் எழுதப்படும் ஒரு பெயரோடு முடிந்துவிடும்.

இவ்விடத்தில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் 2009இல் தொடங்கிய ஓராண்டுப் பட்டயப் படிப்பின் அமைப்பு கருதத்தக்கது. தொலைநிலைக் கல்வி, மைசூர் போன்ற மையங்களில் நேர்முகப் பயிற்சி, பின் தம் ஊரிலேயே உள்ளகப் பயிற்சி என மூன்று கட்டங்களாக அது வகுக்கப்பட்டது. பணியிலுள்ள ஆசிரியரும் இதில் பயிலலாம். ஊரை விட்டு வெளியேறுவதே பயிற்சிக்கு விலை என்னும் நிலையை இவ்வமைப்பு ஓரளவு மாற்றுகிறது. வருசநாட்டு ஆசிரியை ஒருவர் வருசநாட்டுப் பிள்ளைகளிடையே, தகுந்த மேற்பார்வையின்கீழ்ப் பயில்வாராயின், இவ்வரலாற்றின் நீண்ட குறை ஓரிடத்திலேனும் நீங்கும்.

இறையியல் மாணவர் கற்பது

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. பார்சன்ஸ் பணியாற்றிய அதே மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், 1925இன் கோடையில், ஆன்டன் பாய்சன் என்னும் குருவானவர் ஊஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர் சிலரைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். அவரே மனநோயுற்று மருத்துவமனையில் இருந்தவர். நூலறையில் கற்கும் இறையியல், துன்புறும் மனிதர் அருகில் மேற்பார்வையுடன் சோதிக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. மருத்துவமனை சார்ந்த அருட்பணிப் பயிற்சி இவ்வாறு பிறந்தது. நம் பகுதியிலும் வேலூர் கிறிஸ்தவ ஆலோசனை மையமும், திண்டுக்கல் அருகே கப்புச்சின் துறவியரின் அனுகிரகாவும் இத்துறையில் பயிற்சி அளித்து வந்துள்ளன.

சிற்றூர்ச் சபையில் பணியாற்றும் குருவானவரிடம், பள்ளிப் பிள்ளையின் துயரம் ஆலோசகரிடம் செல்வதற்கு முன்பே வந்து சேர்கிறது. செமினரியில் ஒரு பருவம் ஆற்றுப்படுத்துதல் பாடம் படித்தோம் என்பதால் நாம் ஆலோசகர் ஆகிவிடுவதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு வரும் பிள்ளைக்கு ஜெபத்தை மட்டும் அளித்து அனுப்புவது கடமை முடிந்ததாகாது. யாரிடம் அழைத்துச் செல்வது என்பதை முன்னரே அறிந்திருப்பதும், உடன் செல்வதும் நம் பணியே. பள்ளிகளை நடத்தும் சபைகளுக்கு மேலும் ஒரு கடமை உண்டு. ஆலோசகர் பதவியை நிரப்புவதோடு நில்லாமல், மலையடிவார ஊர்களின் ஆசிரியருள் ஆண்டுதோறும் ஒருவரையேனும் சம்பளத்துடன் பயிற்சிக்கு விடுவித்து, அவர் திரும்பி வந்து பணி செய்ய நேரமும் தனியறையும் ஒதுக்க வேண்டும். 1953இன் அறிக்கை எல்லாப் பள்ளிகளையும் எண்ணி எழுதப்பட்டது. ஆலோசகர் இல்லாமல் ஒவ்வொரு கல்வியாண்டும் முடியும்போது, வருசநாட்டில் சில பிள்ளைகள் எவரிடமும் கேளாமலே தம் முடிவை எடுத்துவிடுகின்றனர்.