ஒரு குழாயின் கதை: பைத்தான் எப்படிக் கேட்கக் கத்துக்கிட்டது?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். பைத்தான்ல ஓஎஸ் டாட் சிஸ்டம் போட்டு ஒரு கமாண்டை ஓட்டுறீங்க. பதில் ஸ்கிரீன்ல வருது. ஆனா அதை ஒரு வேரியபிள்ல வாங்கிப் பார்த்தா, வெறும் 0. ஏன்?

அந்த 0, கமாண்ட் நல்லபடியா முடிஞ்சதுங்கிற தகவல் மட்டும்தான். அது சொன்ன பதில் நேரா ஸ்கிரீனுக்குப் போயிடுச்சு. நடுவுல பிடிக்க ஒரு குழாய் வேணும்.

அந்தக் குழாய்க்கு வயசு அதிகம். 1964-லயே பெல் லேப்ஸ்ல டக் மெக்கில்ராய், தோட்டத்து ஹோஸை மாட்டுற மாதிரி புரோகிராம்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கணும்னு எழுதி வச்சார். 1973-ல கென் தாம்சன் அதை யூனிக்ஸ்ல கொண்டுவந்தார். அதுதான் பைப்.

பைத்தானும் இதைப் பயன்படுத்திக்கிச்சு. ஆனா பிஓப்பன், பிஓப்பன்2, கமாண்ட்ஸ்னு ஆளுக்கொரு வழி. பெரும்பாலும் முழு கமாண்டும் ஒரே வரியா ஷெல்லுக்குப் போகும். ஆபத்தே அங்கதான். யூசர் கொடுத்த ஃபைல் பேர்ல ஒரு அரைப்புள்ளியும், பின்னாடி அழிக்கிற கமாண்டும் இருந்தா? ஷெல் ரெண்டையும் ஓட்டிடும்.

2003-ல ஸ்வீடனைச் சேர்ந்த பீட்டர் ஓஸ்ட்ராண்ட் பெப் 324-ஐ எழுதினார். எல்லாத்துக்கும் ஒரே மாட்யூல், பேரு சப்ப்ராசஸ். கமாண்டையும் அதுக்கான விவரங்களையும் லிஸ்ட்டா தனித்தனியா கொடுக்கலாம். நாமளா கேட்டாலொழிய ஷெல் உள்ளே வராது. ஃபைல் பேர் வெறும் பேராவே போகும். 2004-ல பைத்தான் 2.4-ஓட இது வந்தது.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. குழாய்க்கும் கொள்ளளவு உண்டு. லினக்ஸ்ல வழக்கமா 64 கேபி. கமாண்ட் அதை நிரப்பிட்டு, யாராவது படிக்கட்டும்னு நிக்கும். நம்ம புரோகிராமோ, கமாண்ட் முதல்ல முடியட்டும்னு நிக்கும். ரெண்டும் அப்படியே உறைஞ்சிடும். சின்ன டெஸ்ட்ல இது தெரியவே தெரியாது. அவுட்புட் பெருசானாதான் மாட்டும். கடைசி வரைக்கும் படிச்சுக்கிட்டே காத்திருக்கிற கம்யூனிகேட்தான் இதுக்கு மருந்து.

பிறகு எல்லாம் சுருங்கிச்சு. 2010-ல பைத்தான் 2.7-ல செக் அவுட்புட், 2015-ல ரன், 2018-ல 3.7-ல கேப்ச்சர் அவுட்புட். இன்னைக்கு ஒரே வரி போதும்.

ஆனா ஷெல் ட்ரூங்கிற கதவு இன்னும் இருக்கு. யூசர் எழுதினது எதையாவது அதுக்குள்ள அனுப்புறதுக்கு முன்னாடி, அந்த அரைப்புள்ளியை நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.