இதயக் கதவுக்கு ஒரு கவ்வி

நம் இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் முன்னோக்கியே செல்ல வேண்டும். பின்னோக்கித் திரும்பக் கூடாது. இதற்காகவே இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இவற்றுள் இடது ஆரிக்கிளுக்கும் இடது வெண்ட்ரிக்கிளுக்கும் இடையே இருப்பது மிட்ரல் வால்வு. இதை ஈரிதழ் வால்வு என்றும் கூறுவர். இதன் இரண்டு இதழ்களும் சரியாகப் பொருந்தி மூடாவிட்டால் என்ன ஆகும்? வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது இரத்தத்தில் ஒரு பகுதி ஆரிக்கிளுக்கே திரும்பிவிடும். நுரையீரலில் தேக்கம் ஏற்படும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். நோய் முற்றினால் படுத்திருந்தாலும் மூச்சுத் திணறும்.

இந்த ஒழுக்கை அடைக்க நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது. மார்பைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, அதன் வேலையை இதய-நுரையீரல் எந்திரத்திடம் ஒப்படைத்து அறுவை செய்ய வேண்டும். முதியவர்கள் பலரால் இதைத் தாங்க இயலாது. மார்பைத் திறக்காமலே வால்வை அடைய முடியாதா? இதற்கான விடை இரண்டு தனித்தனிப் பாதைகளில் வளர்ந்து வந்தது.

முதற்பாதை 1929-இல் ஜெர்மனியிலுள்ள எபர்ஸ்வால்டே என்ற சிறு நகரில் தொடங்குகிறது. வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர் தம் இடது கைச் சிரையைத் திறந்து, சிறுநீர்ப் பாதைக்குரிய மெல்லிய குழாய் ஒன்றை 65 செ.மீ. வரை உள்ளே செலுத்தினார். அப்படியே படியிறங்கி எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து சென்றார். குழாயின் நுனி இதயத்தின் வலப்புறத்தை எட்டியிருந்ததைப் படம் காட்டியது! உயிருள்ள மனிதனின் இதயத்தைக் குழாயால் தொடலாம் என்பது உறுதியாயிற்று. இதற்காக 1956-இல் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இருவருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1977-இல் சூரிச் நகரில் கிரண்ட்சிக் என்பவர் குழாய் நுனியில் பலூன் வைத்து, இதயத் தமனியின் அடைப்பை விரித்தார். ஜப்பானியரான இனோவே 1984-இல் வெளியிட்ட முறையில், குறுகிப்போன மிட்ரல் வால்வே பலூனால் விரிக்கப்பட்டது.

ஆனால் குறுகியதை விரிப்பது வேறு. ஒழுகுவதை மூடுவது வேறு. துடிக்கும் இதயத்தில் படபடவென்று அசையும் இதழ்களைக் குழாய் வழியே எப்படித் தைப்பது?

இங்கேதான் இரண்டாம் பாதை வருகிறது. பிறவியிலேயே இரண்டு துளைகள் கொண்ட மிட்ரல் வால்வு அரிதாகச் சிலருக்கு அமைவதுண்டு. அத்தகைய வால்வு ஒழுகாமல் வேலை செய்வதை இத்தாலிய அறுவை மருத்துவர் அல்ஃபியேரி கவனித்தார். 1991-இல் அவர் மார்பைத் திறந்து செய்யும் அறுவையில், இரண்டு இதழ்களின் விளிம்புகளையும் நடுவில் சேர்த்துத் தைத்தார். ஒரு பெரிய வாயில் இரண்டு சிறு வாயில்களாயிற்று. இரத்தம் உள்ளே செல்ல இடம் இருந்தது, ஒழுக்கு குறைந்தது.

ஒரே ஒரு தையல் போதுமென்றால், தையலுக்குப் பதில் ஒரு கவ்வி போதுமல்லவா? அமெரிக்க இதய மருத்துவர் செயின்ட் கோர் இவ்வாறு சிந்தித்ததிலிருந்து பிறந்ததே மிட்ராகிளிப். தொடைச் சிரை வழியே குழாய் வலது ஆரிக்கிளை அடைகிறது. அங்கிருந்து இடைச்சுவரைத் துளைத்து இடது ஆரிக்கிளுக்குள் நுழைகிறது. உணவுக்குழாயில் வைத்த மீயொலிக் கருவி வழிகாட்ட, கவ்வி இரண்டு இதழ்களையும் பற்றுகிறது. பிடி சரியில்லையெனில் விட்டுவிட்டு மீண்டும் பற்றலாம். இதயம் நிற்பதேயில்லை. 2003-இல் வெனிசுலாவின் கராகஸ் நகரில் முதல் நோயாளிக்கு இது பொருத்தப்பட்டது.

இத்துடன் கதை முடிந்துவிடவில்லை. 2018-இல் இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. இரண்டிலும், இதயத் தசை தளர்ந்ததால் வால்வு ஒழுகியவர்களே பங்குகொண்டனர். பிரான்சில் 304 பேரிடம் நடந்த ஆய்வில், கவ்வியால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 46 விழுக்காட்டினர் இரண்டாண்டுகளில் இறந்தனர். கவ்வியும் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினரே இறந்தனர்.

ஒரே கருவி, இருவேறு முடிவுகள். ஏன்? பிரெஞ்சு நோயாளிகளின் வெண்ட்ரிக்கிள் மிகவும் விரிந்திருந்தது; ஒழுக்கோ அந்த அளவுக்குக் கடுமையாக இல்லை. அங்கே முதன்மை நோய் தசையிலேயே இருந்தது. கதவைச் சரிசெய்ததால் சுவர் வலுப்பெறவில்லை என்பது பல வல்லுநர்கள் தரும் விளக்கம்.

ஆகவே, உங்கள் வீட்டில் ஒருவருக்கு வால்வு ஒழுகுகிறது என்று மருத்துவர் கூறினால், “எந்தச் சிகிச்சை புதியது?” என்று கேட்பதற்கு முன், “குறை இதழிலா, தசையிலா?” என்று கேளுங்கள். சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.