கடலடித் தந்தி முதல் இசைப்பெட்டி வரை

தனுஷ்கோடி மணல்முனையில் நின்று கிழக்கே நோக்கினால் நீர்ப்பரப்பைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. அப்பால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இலங்கையின் தலைமன்னார் உள்ளது. இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் தந்தி வடம் 1850களின் இறுதியிலேயே கடலடியில் போடப்பட்டுவிட்டது. இன்று நம் வீட்டு இசைக்கருவிக்கு எந்தக் கம்பி வாங்குவது என்ற கேள்விக்கும் அந்த வடத்தின் வரலாற்றில் விடை இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும்.

என் பழைய மாணவர் ஒருவர் இராமேசுவரத்தில் வசிக்கிறார். அவர் வீட்டில் குறுந்தகட்டுக் கருவி ஓர் அறையிலும் ஒலிபெருக்கி அடுத்த அறையிலும் இருந்தன. இடையே 10 மீட்டர் நீளத்திற்குச் சாதாரண ஒலிக்கம்பி. பாட்டின் நடுவே ‘டிக் டிக்’ என்று வெட்டு விழுந்தது. “பொன்முலாம் பூசிய உயர்ரகக் கம்பி வாங்குங்கள், இசையும் இனிமையாகும்” என்றார் கடைக்காரர். விலையோ மாணவரின் அரை மாதச் சம்பளம். “வாங்கலாமா சார்?” என்று என்னிடம் கேட்டார்.

தந்தி தந்த பாடம்

நீருக்கடியில் மின்சாரத்தை அனுப்ப வேண்டுமானால் கம்பிக்கு நல்ல மின்காப்பு வேண்டும். 1839இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷாநெசி ஹூக்ளி ஆற்றின் அடியில் கம்பியிட்டுச் சோதித்தபோது, கீல் தோய்த்த நூலையும் பிளந்த பிரம்பையும் அதற்கு உறையாக்கினார். பின்னர் மலேயா காட்டு மரங்களின் பாலான கட்டாபெர்ச்சா அந்த இடத்தைப் பிடித்தது.

ஆயினும் காப்பு மட்டும் போதவில்லை. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலடி வடத்தின் வழியே விக்டோரியா அரசி அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேர ஏறத்தாழ 16 மணி நேரம் பிடித்தது. அனுப்பிய குறி கூர்மையாகப் புறப்பட்டு, மறுமுனையில் மழுங்கிப் பரவி வந்தது. வலுவைக் கூட்டினால் சரியாகும் என்று எண்ணிய வைல்ட்மன் வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2000 வோல்ட் மின்னழுத்தத்தைச் செலுத்தினார். வடம் சில வாரங்களில் ஊமையாயிற்று.

வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, இதன் காரணத்தை முன்னரே கணக்கிட்டிருந்தார். நீண்ட வடம் ஒரு மின்தேக்கியைப் போல் இயங்குகிறது. குறியின் தாமதம் நீளத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்றார். ஒரே வகை வடத்தை 30 கிலோமீட்டருக்கும் 3000 கிலோமீட்டருக்கும் போட்டால் நீளம் 100 மடங்கு. தாமதமோ 10,000 மடங்கு! நம் கடற்பகுதி அட்லாண்டிக்கைவிட எளிதாயிருந்ததன் இரகசியம் இதுவே.

தந்தி அலுவலராயிருந்த ஆலிவர் ஹெவிசைடு இக்கணக்கை மேலும் செம்மைப்படுத்தினார். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதன்மேல் உலோக உறை என்ற கோ-ஆக்சியல் வடத்திற்கு 1880இல் காப்புரிமை பெற்றார். நம் டி.வி. ஆண்டெனா கேபிள் அந்த வம்சந்தான்.

எண்களாகும் இசை

1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, இசையை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக வைத்திருக்கிறது. ஆகவே கம்பியில் செல்வது இசையலை அன்று. ‘உண்டு, இல்லை’ என்னும் துடிப்புகளே. ஒருவகையில் இதுவும் தந்திதான்! வேகந்தான் வேறு: நொடிக்கு 28 இலட்சம் பிட்டுகளுக்கு மேல். இதில் மிகக் குறுகிய துடிப்பு, ஒரு நொடியை 100 கோடியாகப் பங்கிட்டால் 177 பங்கு.

துடிப்பு கேபிளில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் 20 செ.மீ. செல்லும். இத்தகைய இணைப்புக்குரிய கேபிளின் சிறப்பு மின்மறுப்பு 75 ஓம். வேறு கம்பியைப் போட்டால், கிணற்றுச் சுவரில் மோதிய குரல்போல் துடிப்பின் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்புகிறது. 1 மீட்டர் கம்பியில் அந்த எதிரொலி 10 பங்கு நேரத்தில் போய் வந்துவிடும், பெரும்பாலும் தீங்கில்லை. 10 மீட்டரில் 100 பங்கு ஆகும். துடிப்பு முடியுமுன்பே எதிரொலி அதன் நடுவில் விழுந்து குழப்பும்.

மாணவர் வீட்டுச் செருகியைக் கழற்றிப் பார்த்தோம். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தது. டி.வி. கடையில் 75 ஓம் கேபிள் வாங்கி, புதுச் செருகிகளைப் பற்றவைத்தோம். வெட்டு நின்றது. இசை முன்னைவிட இனித்ததா? இல்லை, முழுமையாக வந்தது, அவ்வளவே. எண்கள் பிழையின்றிச் சேர்ந்துவிட்டால், மேற்கொண்டு பணம் செலவிட்டு அவற்றை இனிமையாக்க இயலாது.

இன்னொரு வழியும் உண்டு. 1983இல் தோஷிபா நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒளியிழை இணைப்பில் மின்சாரத்திற்குப் பதில் சிவப்பு ஒளி செல்கிறது. பச்சை பூக்கச் செம்பு இல்லை. இரு கருவிகளுக்கிடையே மின்தொடர்பு இல்லாததால் அவ்வழியே நுழையும் ‘உம்’ என்ற இரைச்சலும் இல்லை. இழையை மடக்கி ஒடிக்காமலும் அதன் முனையில் தூசி படியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2006இல் தூத்துக்குடிக்கும் கொழும்பை அடுத்த மவுண்ட் லவினியாவுக்கும் இடையே அமைந்த பாரத்-லங்கா கடலடி வடமும் ஒளியிழையே. கட்டாபெர்ச்சா போய்க் கண்ணாடி வந்தது. ஆனால் வைட்ஹவுஸ் கற்காத பாடம் மாறவில்லை: கம்பியின் குறையை வோல்ட்டைக் கூட்டியோ விலையைக் கூட்டியோ தீர்க்க முடியாது, குறை எங்கே என்று கணக்கிட்டுத்தான் தீர்க்க வேண்டும்.